ஆயிரம் மீட்டருக்கு மேலே 'நீ'

அத்தியாயம் 14

போன வாரம் மார்லீஸை லிஃப்ட் வரிசையில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாகப் பனியில் நின்று அவளுக்குக் கால் மரத்துப் போயிருக்கும். அதனால் வளவளவென்று இழுக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வரி. மார்லீஸ் கெர்னெக்கர் குடும்பத்து மருமகள். வயது முப்பத்தாறு. கிழக்கே ஏரிக்கரையில் நாணல் வெட்டுகிறவரின் மகள். அந்தப் பக்கத்தில் மாதாகோவில் கோபுரத்தை விட்டால் வேறு உயரம் கிடையாது. அவளைக் காதலித்துக் கைப்பிடித்தவன் கெர்னோட். கெர்னோட்டின் அப்பா ஓட்மார் கெர்னெக்கர், நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் கொடுத்த 'ஹோஃப்ராட்' பட்டத்தைக் கழற்றி வைக்காமலே தூங்குகிறவர்.

அந்த மனிதர் ஏழு வருஷமாக மருமகளை 'நீங்கள்' என்றுதான் அழைக்கிறார்.

அடடா, என்ன மரியாதை என்று உருகிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் வீட்டு மனிதருக்கு 'நீ'. வக்கீலுக்கும் பல் டாக்டருக்கும் 'நீங்கள்'. பெரியவர்தான் முதலில் 'நீ' கொடுக்க வேண்டும், சின்னவர்கள் கேட்டு வாங்க முடியாது. கெர்னோட் வளர்த்த நாய்க்கு வந்த அன்றே 'நீ' கிடைத்துவிட்டது. மார்லீஸ் ஒரு பேத்தியைப் பெற்றுக் கொடுத்தும் இன்னும் பல் டாக்டர் வரிசையில்தான் நிற்கிறாள்.

இந்தப் பிப்ரவரி விடுமுறையோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். சனிக்கிழமைக்குள் மாமனார் வாயிலிருந்து அந்த ஒற்றை எழுத்து வராவிட்டால், கிராட்ஸ் நகரத்தில் இருக்கும் அவர் வீட்டு வாசற்படியை இனி அவள் மிதிக்கப் போவதில்லை. மகள் தெக்லாவும் போக மாட்டாள். கெர்னோட்டிடம் இதைச் சொன்னபோது அவன் மென்று முழுங்கினானே தவிர, மறுத்துப் பேசவில்லை.

மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது. மந்திரியும் மாடு மேய்க்கிறவனும் ஒருவருக்கொருவர் 'நீ'தான். ஹோஃப்ராட் சட்டம், வழக்கம் எதையும் மீறாதவர். ஆனால் ஸ்டைன்லார்ன் கிராமத்தில் அவர்கள் தங்கும் ஹோட்டல் இருப்பது தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாவது மீட்டரில். பனிச்சறுக்குத் தெரியாத மார்லீஸ் ஆறு வருஷமும் அந்த மிச்சம் முப்பத்தெட்டு மீட்டரைத் தாண்டியதில்லை.

இந்த வருஷம் மூன்று நாள் அடிவாரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பிள்ளையாக விழுந்து எழுந்து, 'கலப்பை' போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். சறுக்குப் பலகைகளின் நுனியைச் சேர்த்து, வாலை அகட்டி, மெதுவாக இறங்குகிற வித்தைக்கு அதுதான் பெயர். அழகாக இருக்காது. ஆனால் ஆளைக் கொல்லாது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. தெக்லாவின் சறுக்கு வகுப்புக்குப் போட்டி என்பதால் கெர்னோட் அடிவாரத்திலேயே தங்கிவிட்டான். லிஃப்ட் நாற்காலி வந்து முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. மாமனாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மேலே கிளம்பினார்கள்.

"கம்பிய இறக்கறேன், தலைய உள்ள வச்சுக்குங்க," என்றார் ஹோஃப்ராட்.

"சரிங்க, ஹோஃப்ராட் சார்."

"மூணு நாள்ல கத்துக்கிட்டது போதும்னு நெனைக்கிறீங்களா?"

"கீழ இறங்கறதுக்குப் போதும். ஜெயிக்கறதுக்கு நான் வரல."

முன்னால் ஒரு தூணில் மஞ்சள் பலகை தெரிந்தது. ஆயிரம் மீட்டர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மார்லீஸ் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். பலகை தலைக்கு மேல் வந்து, பின்னால் போயிற்று.

"தாண்டிட்டோம்," என்றாள்.

"இல்லை. அந்தப் பலகைய நாலு மீட்டர் கீழ மாட்டிட்டாங்க. மூணு தடவ கடிதம் போட்டேன், யாரும் கேக்கல. நிஜமான ஆயிரம் அடுத்த தூண்ல இருக்கு. உங்களுக்கு அவசரமா?"

"ஏழு வருஷம் பொறுத்தேன். நாலு மீட்டர் பொறுக்க மாட்டேனா?"

அடுத்த தூண் வந்தது. போனது. மார்லீஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோஃப்ராட் தொண்டையைச் செருமினார்.

"காத்து அடிக்குது," என்றார். "கையுறையப் போட்டுக்கறது நல்லது."

மார்லீஸுக்கு முதலில் புரியவில்லை. போட்டுக்கோ என்றும் இல்லை, போட்டுக்குங்க என்றும் இல்லை. மொட்டையாகப் போட்டுக்கறது!

"மேல போய் என்ன பண்ணப் போறோம்?" என்று கொக்கி போட்டாள்.

"முதல்ல சூப் குடிக்கலாம். அப்புறம் இறங்கலாம்."

"நான் எப்படி இறங்கணும்?"

"மெதுவா இறங்கினா போதும்."

கெட்டிக்காரர்தான். சட்டத்தையும் மீறாமல், மருமகளுக்கும் இடம் கொடுக்காமல், ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசுகிறார். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாத மருமகள் படுகிற பாட்டை, இங்கே ஒரு மாமனார் படுகிறார். மார்லீஸுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் அதிகம்.

உச்சியில் இருந்த மரக்குடிலில் கூட்டம் நெரிந்தது. சுவரில் சாக்கட்டியால் எழுதிய சாப்பாட்டுப் பட்டியல். ஹோஃப்ராட் அதன் முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"இன்னிக்கு என்ன இருக்குன்னு படிச்சுச் சொன்னா தேவலை."

"நீ படின்னு சொன்னா படிக்கிறேன்," என்று உதடு வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கினால் அது பிச்சை. "பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப். பட்டாணி சூப். நேத்து செஞ்ச ஆப்பிள் கேக், பாதி விலை."

"உருண்டை சூப் ரெண்டு."

குடித்து முடிக்கும் வரை வானிலை, பனியின் ஆழம், 1978-இல் அடித்த புயல் என்று பேசினார். 'நீ' மட்டும் இல்லை. மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "உப்ப இங்க தள்ளு, நீ எந்த ஊரு?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்டார். மார்லீஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அழுகை வந்ததென்றால் அது நியாயமான அழுகை. அவள் அழவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"போலாமா?"

"முன்னால போகலாமே. நான் பின்னால வரேன்."

"நானா முன்னால? நாப்பது வருஷமா இந்தக் குடும்பத்துல முன்னால போறது ஹோஃப்ராட் சார்தானே?"

"மெதுவாப் போறவங்க முன்னால போறதுதான் முறை."

கீழே அடிவாரம் வரை ஆறு கிலோமீட்டர் நீலத் தடம். எளிதான தடம் என்று பெயர், ஆனால் இடது பக்கம் நெடுகப் பள்ளத்தாக்கு. மார்லீஸ் கலப்பையை அகட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். பின்னால் அவருடைய பலகைகள் பனியைச் சுரண்டும் சத்தம் சீராகக் கேட்டது.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மேகம் இறங்கியது.

மலையில் மேகம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இருந்த வெயில் அணைந்து, மேடும் பள்ளமும் ஒன்றாகி, வானமும் பனியும் ஒரே வெள்ளையாகிவிட்டது. தடத்தின் ஓரத்தில் நட்டிருந்த ஆரஞ்சுக் கம்புகளில் பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தன. மார்லீஸ் வேகத்தை இன்னும் குறைத்தாள். ஒரு கம்பு, அடுத்து ஒரு கம்பு என்று பிடித்துக்கொண்டே போனாள்.

அப்போதுதான் கவனித்தாள். பின்னால் சத்தம் இல்லை.

"ஹோஃப்ராட் சார்?"

பதில் இல்லை. அவள் பக்கவாட்டில் நின்று, மூச்சை அடக்கிக் கேட்டாள்.

"மார்லீஸ்!" குரல் மேலேயிருந்து, எதிர்பார்த்த இடத்துக்கு ரொம்ப இடது பக்கத்திலிருந்து வந்தது. "மார்லீஸ், எங்க இருக்க? நில்லு! என்ன விட்டுட்டுப் போயிடாத!"

அவள் பலகைகளைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு அடியாக மேலே ஏறினாள். இருபது அடி ஏறியதும் அவர் உருவம் தெரிந்தது. ஹோஃப்ராட் தடத்துக்கு வெளியே, ஆரஞ்சுக் கம்புகளைத் தாண்டி நின்றிருந்தார். பலகைகளின் நுனி பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தது. அவருக்கு முன்னால் இரண்டு மீட்டர் பனி, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

"அசையாதீங்க," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கோல பின்பக்கம் ஊனுங்க. வலது கால என் பக்கம் கொண்டு வாங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

அவர் சொன்னபடி செய்தார். கைக்கு எட்டியதும் மார்லீஸ் அவர் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தடத்தின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"கம்பு தெரியலயா?"

"தெரியல."

"மேகமா இருக்கறதாலயா?"

ஹோஃப்ராட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இடது கண்ணு நடுவுல போயிடுச்சு. சுத்தித் தெரியும், நேராப் பாத்தா கறுப்பா ஒரு ஓட்டை. வலது கண்ணும் இப்போ அதே வழில போகுது. அக்டோபர்லேருந்து. வெயில் இருந்தா சமாளிப்பேன். இல்லேன்னா உன் சிவப்பு ஜாக்கெட் மாதிரி எதையாவது பாத்துப் பின்னால வருவேன்."

பட்டியலைப் படிக்கச் சொன்னதும் முன்னால் போகச் சொன்னதும் அவளுக்கு இப்போது விளங்கின.

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. உனக்கு."

எங்க இருக்க, நில்லு, உன் ஜாக்கெட், உனக்கு. ஏழு வருஷம் காத்திருந்த சொல் வந்துவிட்டது. ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்தது ஆயிரத்து நானூறு மீட்டரில். இங்கே அது எல்லாருக்கும் கிடைப்பது. உப்பைத் தள்ளிய ஆளுக்கும் கிடைத்ததுதான்.

"எந்திரிங்க," என்றாள்.

"ஆயிரத்து நானூறுல என்ன 'நீங்க' வேண்டிக் கெடக்கு?" ஹோஃப்ராட் இந்த நிலைமையிலும் விதியை விடவில்லை.

"சரி. எந்திரி. எங்க ஊர்ல நாணல் காட்டுக்குள்ள பனிமூட்டம் வந்தா பக்கத்து ஆளு தெரியாது. பத்தடிக்கு ஒரு தடவ ஹோன்னு குரல் குடுப்போம். நான் குடுக்கறேன், நீ பதில் குடு. பதில் வரலேன்னா நான் நின்னுடுவேன். என் குரலுக்கு வலது பக்கமாவே வா."

"என்ன, மாடா நான்?"

"மாடு தன்னாலயே வீடு போய்ச் சேந்துடும். நீ கீழ விழப் பாத்தியே!"

அவர் கோலை ஊன்றி எழுந்தார்.

அப்படியே இறங்கினார்கள். ஹோ என்றாள். ஹோ என்றார். மூன்று நாள் படித்த கலப்பைதான், தொடை கடுத்தது. அவள் நிற்கவில்லை. இரண்டு இடத்தில் அவர் பதில் தாமதமாயிற்று. அவள் திரும்ப ஏறிப் போய்க் கையைப் பிடித்துக் கொண்டு வந்தாள். நல்ல சறுக்குக்காரர் பன்னிரண்டு நிமிஷத்தில் இறங்கும் தடத்தை அவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கினார்கள். கீழே மேகம் விலகி, கிராமத்துக் கூரைகள் தெரிந்தன.

ஒரு வளைவில் ஹோஃப்ராட் தானாக நின்றார். அறிவிப்புப் பலகை எதுவும் அங்கே இல்லை.

"இங்கதான் ஆயிரம்," என்றார். "கண்ணு வேண்டாம், கால்லயே தெரியும்."

மார்லீஸ் காத்திருந்தாள்.

"கெர்னோட்கிட்ட சொல்லாத. அவன் அக்கா ஊல்ரிக்கேகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா காரப் பிடுங்குவாங்க. அப்புறம் வீட்டப் பிடுங்குவாங்க. ஒரு ரூம்ல உக்கார வச்சு, அப்பா சூப் குடிச்சியான்னு கேப்பாங்க."

"கிராட்ஸ்லேருந்து ஞாயித்துக்கிழமை தனியா கார் ஓட்டிட்டுத்தானே வந்த?"

"பகல், நல்ல வெயில். அந்த ரோட்ட அளந்தவனே நான்தான். ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்."

"எதிர்ல வர்ற வண்டியையும் மனப்பாடம் பண்ணியிருக்கியா?"

ஹோஃப்ராட் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "யோசிக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மார்லீஸ் அந்த ஆயிரம் மீட்டர் கோட்டைத் தாண்டினாள். கீழே போய்ச் சேரும் வரை அவர் வாயிலிருந்து 'நீ'யும் இல்லை, 'நீங்கள்' என்பதும் இல்லை.

அடிவாரத்துக் குடிலில் கெர்னோட் பலகைகளைச் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மூணு மணி நேரமாச்சு! மீட்புக்காரங்களக் கூப்பிட இருந்தேன். என்ன ஆச்சு?"

"உன் பொண்டாட்டி கலப்பை போட்டே மலைய உழுதுட்டா," என்றார் ஹோஃப்ராட் சிரித்துக்கொண்டே. "எங்களுக்கு நேரமாயிடுச்சு."

பழி அவள் மேல் விழுந்தது. அவள் பூட்ஸின் கொக்கிகளைத் தளர்த்தினாள்.

தெக்லா கழுத்தில் அட்டைப் பதக்கத்தோடு பெஞ்சில் குதித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் நாலாவது! தாத்தா, நீ எப்ப கிளம்பற? அத்தை ரயில் ரெண்டு மணிக்கு வந்துடும். நானும் வரேன்னு சொன்னேன்ல?"

"உன்ன விட்டுட்டுப் போவேனா? இதோ, பத்து நிமிஷம்."

கெர்னோட்டின் அக்கா ஊல்ரிக்கே அன்று வருவதாக இருந்தது. ரயில் நிலையம் பள்ளத்தாக்கின் அடியில். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மார்லீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மலையில் விட்டுவிட்டு வந்த மேகம் மெல்லச் சாலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் போய்க் கூட்டிட்டு வரேனே," என்றான் கெர்னோட்.

"என் பொண்ண நான்தான் கூட்டிட்டு வருவேன். வருஷா வருஷம் அப்படித்தானே." ஹோஃப்ராட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹன்னி! ஒரு பைன்காய் ஷ்னாப்ஸ் கொண்டா. எனக்கு ஆப்பிள் ஜூஸ், வண்டி ஓட்டணும்."

குடிலில் பரிமாறுகிற ஹன்னி, பைன்காய்ச் சாராயத்தையும் ஜூஸையும் இரண்டு கிளாஸில் கொண்டு வந்து வைத்தாள். ஹோஃப்ராட் எழுந்து நின்றார். பட்டமளிப்பு விழாவில் நிற்பது போல நின்றார். அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மார்லீஸ்," என்றார். "இது மலையில இல்ல. தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுல நின்னு சொல்றேன், எல்லாரும் கேளுங்க. இத நான் முன்னாலயே செஞ்சிருக்கணும். என் பேரு ஓட்மார். இனிமே நீ என்ன அப்படியே கூப்பிடு."

கெர்னோட் வாயைப் பிளந்தான். பிறகு அவன் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து அப்பா யாருக்கும் இப்படி இறங்கி வந்து அவன் பார்த்ததில்லை. "மார்லீ, எந்திரி, எந்திரி!" என்று மனைவியின் தோளைத் தட்டினான்.

அவள் எழுந்தாள். இப்படி 'நீ' கொடுத்தால் முறைப்படி முழங்கையோடு முழங்கை கோத்துக்கொள்ள வேண்டும், கிளாஸைத் தட்ட வேண்டும், குடிக்க வேண்டும். ஹோஃப்ராட் நீட்டிய கிளாஸ் அவள் கிளாஸில் படாமல் காற்றில் போயிற்று. இரண்டாம் முறை அவளே கொண்டு போய்த் தட்டினாள்.

"அப்பாவுக்குக் கை நடுங்குது பாரு," என்று கெர்னோட் சிரித்தான்.

அவ்வளவு பக்கத்தில் ஹோஃப்ராட்டின் கண்களைப் பார்த்தாள். அவை அவளுடைய காதுக்கு அருகே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குப் பாசமும் இருந்தது, பொய்யில்லை. கெஞ்சலும் இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன், வாயைத் திறக்காதே என்றது அந்த முகம். ஏழு வருஷமாக ஏங்கியது இப்போது மார்லீஸ் கையில். இப்படியா கிடைக்க வேண்டும்?

ஷ்னாப்ஸை ஒரே மடக்கில் குடித்தாள். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"நான் மார்லீஸ்," என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். தெக்லா கதவைத் திறந்துகொண்டு காரை நோக்கி ஓடினாள்.

"ஓட்மார்," என்றாள் மார்லீஸ். கோத்த கையை அவள் இன்னும் விடவில்லை. "நீ இன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. சாவிய கெர்னோட்கிட்ட குடு."

கை தட்டல் நின்றது.

"என்ன மார்லீ இது?" கெர்னோட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா? மலையில என்ன நடந்துச்சு?"

ஹோஃப்ராட்டின் முகம் வெளுத்து, பிறகு இறுகியது. கையை உருவிக்கொண்டார். ஜாக்கெட்டின் பொத்தானை மேலே வரை போட்டுக்கொண்டு, ஏழு வருஷமும் பேசிய அதே குரலில் சொன்னார்.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குப் புரியல."

நீங்க. பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. கெர்னோட் முன்னால் வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் அதை விலக்கிவிட்டு, மாமனாருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"குடுத்தது குடுத்ததுதான், ஓட்மார். அத நீ திரும்ப வாங்க முடியாது," என்றாள். "நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"